மாப்பிள்ளை சொன்ன அந்த ஒரு வரி

என் அன்புக்கும் மரியாதைக்கும், இந்த வாரம் கொஞ்சம் அவசரத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. கப்பலில் நீங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், கடலும் உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளும் என்றும் நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தை சுகம். நான் சுகம். முன்னறையில் நீங்கள் பொருத்திவிட்டுப் போன கணினி சுகமா இல்லையா என்றுதான் சொல்லத் தெரியவில்லை. விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி சுற்றுகிறது, முகம் களையாகத்தான் இருக்கிறது. சொன்ன பேச்சை மட்டும் கேட்பதில்லை. என் பூகோள வகுப்பில் சில பையன்கள் இப்படித்தான் கண்ணிமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், கேள்வி கேட்டால் இன்னும் பலமாகப் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை தொலைபேசியில் நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "அது ஒண்ணுமே இல்ல மாமா, php.ini-ன்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல ஒரு வரி மாத்தணும், அவ்வளவுதான்" என்றீர்கள். எந்த வரி, எந்த எண் என்றும் சொன்னீர்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் லைன் போய்விட்டது, அதற்குப் பிறகு உங்கள் கப்பல் கிடைக்கவே இல்லை. அந்த "அவ்வளவுதான்" ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்று செவ்வாய்க்கிழமை வரை நாங்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு எங்கள் அவசரம் புரியும். என் மைத்துனர், அதாவது உங்கள் அத்தையின் தம்பி, நம் குடும்பத்தில் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடும் அந்த மனிதர், இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லியே வாழ்ந்தவருக்குக் குரல்வளையில் ஒரு கட்டி. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. உயிருக்குப் பயமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார், குரல் பழையபடி வருமா என்று மட்டும் சொல்லவில்லை. இவருக்கும் இவர் மகளுக்கும் பேச்சில்லை என்பது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அந்தச் சண்டையால்தான் நீங்கள் இந்தக் குடும்ப இணையதளத்தையே கட்டினீர்கள். அந்தப் பெண் குடும்பக் குழுவில், புது வீட்டு வாசல் கேட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று ஒரு வரி கேட்டது. இவர் பச்சையின் நன்மைகள், நீலத்தின் தீமைகள், துருவின் வரலாறு என்று குரலில் பதிந்து பதிந்து காலையிலிருந்து அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அது, "அப்பா, நீங்க பேச ஆரம்பிச்சா மத்தவங்க வாயத் திறக்கவே இடம் இருக்காது, சின்ன வயசுலேருந்து இதே கதைதான்" என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டுப் போய்விட்டது. இவரும், "சரி, இனிமே நான் பேசல" என்று சொல்லிவிட்டார். சொன்னபடி நடந்துகொண்டது அவர் வாழ்க்கையில் இந்த ஒரு விஷயத்தில்தான். பிறகு ஆளாளுக்குக் கட்சி சேர்ந்து குழுவே காலியாகி, நீங்கள் இந்த முன்னறைக் கணினியிலேயே தளத்தைக் கட்டினீர்கள். அந்தப் பெண் அதில் குழந்தையின் படம் போடும். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அதைப் பார்ப்பார். இருவருக்கும் நடுவில் இருக்கும் பாலம் அது ஒன்றுதான்.

இப்போது, குரல் போவதற்குள் பேரக் குழந்தைக்கு ஒரு கதை சொல்லித் தளத்தில் போட்டுவிட வேண்டும், மகள் அதைத் திறந்தால் போதும் என்று இவருக்கு ஆசை. சனிக்கிழமை மதியம் முன்னறை மேசையில் தன் பழைய போனை வைத்து, தொண்டையைக் கனைத்து, வழி மறந்த பேருந்து ஒன்றின் கதையை ஒரே மூச்சில் சொன்னார். கதை என்றால் கதை மாப்பிள்ளை, எனக்கே அந்தப் பேருந்தில் ஏறிவிடலாம் போலிருந்தது. முடிந்ததும் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார், எதற்கும் இருக்கட்டும் என்று உறுதிக்காக இன்னொரு தடவையும் அழுத்திவிட்டுப் போனை மேசையிலேயே வைத்தார்.

நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் செய்வதில்லை. ஆகவே கதையை ஏற்றுவதற்கு முன் வெள்ளோட்டமாக, உங்கள் கல்யாணத்தில் நான் பேசிய வாழ்த்துரையின் ஒலிப்பதிவு கணினியில் கிடந்தது, அதை ஏற்றிப் பார்த்தேன். 'கோப்பு மிகப் பெரியது, அனுமதி 2M மட்டும்' என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

"பாத்தீங்களா அத்தான், உங்களையே வேணாங்குது. என்னைய எங்க விடப் போகுது" என்றார் மைத்துனர். பிறகு அந்தச் சிவப்பு எழுத்தை மறுபடியும் வாய்விட்டுப் படித்துவிட்டு, "இந்த மெஷினும் எம்பொண்ணு மாதிரியேதான் சொல்லுது" என்றார்.

"வெட்டித் துண்டு துண்டாப் போடேன்டா" என்றார் உங்கள் அத்தை.

"ஏன்க்கா, பாதி வழியில பஸ்ஸ நிறுத்திட்டு மீதியை நாளைக்குப் போறேன்னு சொன்னா ஜனங்க சும்மா விடுமா?"

அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் "அவ்வளவுதான்" சொன்னீர்கள்.

தேடும் பெட்டியில் php.ini என்று அடித்தேன். ஒரு ஊருக்கு ஒரு தபால் நிலையம் என்று நம்பி வாழ்ந்தவன் நான். கணினி கொண்டுவந்து கொட்டியதைப் பார்த்தால், php என்ற அடைவில், அதாவது ஃபோல்டரில், ஒன்று, விண்டோஸ் அடைவில் ஒன்று, அதே பெயரில் நீளமான வால் வைத்து இரண்டு, இவை போதாதென்று 'பழசு_தொடாதே' என்று நீங்களே பெயர் வைத்த அடைவில் ஒன்று. அதைத் தொட வேண்டாம் என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்களா, உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்களா என்று தெரியாததால் தொட்டேன்.

"ஒரே ரூட்டுக்கு இத்தன பஸ் நிக்குது, எது கிளம்பும்னு போர்டு மாட்டல. எந்த ஊரு டிப்போ அத்தான் இது?" என்று மைத்துனர் பின்னால் நின்று கேட்டார்.

"கொஞ்சம் பேசாம இருங்க மச்சான், படிக்கிறேன்ல."

உண்மையாகவே படித்தேன். ஒரு கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்தேன். பெரும்பாலான வரிகள் அரைப்புள்ளியில் தொடங்குகின்றன. அறிவுரைகள், எச்சரிக்கைகள், உதாரணங்கள் என்று யாரோ மிகப் பொறுமையான வாத்தியார் எழுதியிருக்கிறார், எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. அரைப்புள்ளி வைத்த வரிகளை இயந்திரம் படிக்காது, அவை மனிதர்களுக்காக எழுதியவை என்று அவரே ஓரிடத்தில் சொல்கிறார். இயந்திரம் படிக்காத பகுதி முழுவதும் எனக்குப் புரிந்தது. இயந்திரம் படிக்கும் பகுதியில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் கண்டுபிடித்தேன். upload_max_filesize, அதற்கு நேரே 2M.

இங்கே என் முறையைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வந்து பார்த்தால் குழம்பக் கூடாது. பணியில் இருந்த காலம் முழுவதும் ஒரு மாணவன் எழுதிய விடையை நான் அடித்ததே இல்லை. அடித்தால் பிள்ளை மனம் ஒடிந்துபோகும். தவறான விடைக்கு மேலே சரியான விடையை அழகாக எழுதிவிடுவேன், கீழே தான் எழுதியதையும் மேலே நான் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து அவனே புரிந்துகொள்வான். எரிமலை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு 'ஹோட்டல் அடுப்பில்' என்று எழுதியவனுக்குக்கூட அப்படித்தான் திருத்தினேன், அவன் இன்று தீயணைப்புத் துறையில் இருக்கிறான். ஆகவே 2M என்ற வரியை அழிக்காமல், அதற்கு மேலே 64M என்று புது வரி எழுதிச் சேமித்தேன். எந்தக் கோப்பு நம்முடையது என்று தெரியாததால், ஒருவருக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் எல்லாக் கோப்புகளிலும் எழுதினேன். வாழ்த்துரையை மறுபடி ஏற்றினேன். அனுமதி 2M மட்டும்.

அன்று சாயங்காலம் வரை இதேதான். மைத்துனர் விடாமல் பேசினார் என்பதையும், நான் அவ்வளவு குழப்பத்திலும் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை என்பதையும், உங்களைப் பற்றி வீட்டில் மரியாதைக் குறைவாக ஒரு சொல் எழவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இடையில் உங்கள் அத்தை டீ போட உள்ளே போன நேரத்தில் மைத்துனர் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். செத்தாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே உங்களுக்கும் எழுதவில்லை. பொழுது சாயும்போது அவர் போன் மேசையில் கிடந்தபடியே சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது, பழைய போன், பேட்டரி நிற்பதில்லை என்று இருவரும் திட்டினோம். சார்ஜ் ஏற்றிக் கம்பி மாட்டிக் கணினிக்கு இறக்கியதில் வெறும் எண்களையே பெயராகக் கொண்ட இரண்டு ஒலிப்பதிவுகள் இருந்தன, ஒன்று சின்னது, ஒன்று மிகப் பெரியது. மைத்துனருடைய கதை எதுவாக இருக்கும் என்று யோசிக்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.

ஞாயிறு முதல் மைத்துனர் பேசக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. அறுவை சிகிச்சை வரை ஒரு சொல்கூட வாயிலிருந்து வரக் கூடாதாம். ஆகவே இனிமேல் புதிதாகப் பதியவும் முடியாது, அந்தப் பதிவில் இருக்கும் குரல்தான் குரல். இப்போது அவர் கையில் ஒரு டம்ளரும் கரண்டியும் இருக்கின்றன. ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. நான் ஒவ்வொரு முறை கணினி முன் உட்காரும்போதும் பின்னாலிருந்து டங், டங் என்று கேட்கிறது. பேசிக்கொண்டிருந்தபோதே தேவலாம் போலிருந்தது.

தெருமுனை நகல் கடைக்காரருக்கு இந்த விவரமெல்லாம் தெரியும் என்று கேள்விப்பட்டு அவரிடம் போனேன்.

"மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணீங்களா சார்?"

"எதை?"

"சர்வர."

"சர்வர் எங்க இருக்கு?"

"உங்க வீட்லதான் சார் இருக்கு, என்னைக் கேட்டா?" என்று சொல்லிவிட்டு யாருக்கோ அடையாள அட்டை நகல் எடுக்கத் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சர்வரைத் தேடினேன். அப்படிப் பெயர் எழுதிய பொருள் ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில்தான் எங்கேயோ இருக்கிறது என்றால் வீட்டையே அணைத்துப் போட்டால் அதுவும் அடங்கத்தானே வேண்டும் என்று மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பிரதான சுவிட்சை இறக்கினேன். அது எங்கள் பகுதிக்கு மட்டும் உரியதல்ல, கட்டிடம் முழுமைக்கும், தண்ணீர் மோட்டாருக்கும் சேர்த்து என்பது, மாடி வீட்டுப் பல் மருத்துவர் தலை நிறையச் சோப்பு நுரையோடு இறங்கி வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

"சார், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல டாக்டர், ஒரு வரி மாத்தியிருக்கேன், அவ்வளவுதான்" என்றேன். அவர் கண்ணிலிருந்து நுரையை வழித்துவிட்டு என் பற்களை ஒரு பார்வை பார்த்தார். இந்த வருடம் எனக்குப் பல்வலி வராமல் இருந்தால் நல்லது.

நேற்று நகல் கடைக்காரரே மதியம் கடையை மூடிவிட்டு வந்தார். தங்கமான மனிதர். நீங்கள் நிறுவியிருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, அதில் நிறுத்து, தொடங்கு என்று இருக்கும் பொத்தான்களைக் காட்டி, "இதான் சார் சர்வர், மெயினைத் தொடாதீங்க" என்றார். பிறகு தளத்தின் அடைவில் ஒரே வரியில் ஒரு சின்னப் பக்கம் எழுதி வைத்தார். அதைத் திறந்தால் php தன் ஜாதகத்தையே ஒப்பிக்கிறது, அதில் 'நான் படிக்கும் அமைப்புக் கோப்பு இதுதான்' என்று முகவரியும் சொல்கிறது. அந்த முகவரி நான் திருத்திய எந்தக் கோப்புடையதும் அல்ல. நான் வீடு வீடாகத் தேடியது C டிரைவ் என்ற பேட்டையில், நம் ஆள் குடியிருப்பது D பேட்டையில். மாப்பிள்ளை, ஒரு நதி எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் நான் அத்தனை கால்வாய்களிலும் மருந்து தெளித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இதுல மாத்துங்க. அப்படியே post_max_size-ன்னு இன்னொன்னு இருக்கும், அதையும் மாத்திடுங்க. ஒண்ணு பைய மட்டும் செக் பண்ற காவலாளி, இன்னொன்னு பையத் தூக்கிட்டு வர்ற ஆளையும் சேத்து செக் பண்றவன். ரெண்டு பேரும் விட்டாத்தான் உள்ள போக முடியும்" என்றார். எவ்வளவு நல்ல உதாரணம் பாருங்கள், வாத்தியாராகப் போயிருக்க வேண்டியவர். கடையில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று அவர் கிளம்பியதும், நான் D பேட்டைக் கோப்பைத் திறந்து, இரண்டு வரிகளுக்கும் மேலே என் முறைப்படி புது வரி எழுதிச் சேமித்து, பொத்தானை அழுத்தி நிறுத்தி, தொடங்கி, அந்த ஜாதகப் பக்கத்தைத் திறந்தேன். எந்தக் கோப்பில் 64M என்று கண்ணெதிரே எழுதியிருக்கிறதோ அதே கோப்பைத்தான் படிக்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அடுத்த பத்தியில் அளவு 2M என்கிறது. பொத்தானை இன்னும் சில தடவை அழுத்தினேன். 2M. நகல் கடைக்காரர் மாமியார் வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போய்விட்டார்.

"மச்சான், இது வேலைக்கு ஆகும்னு தோணுதா?" என்றேன். டங், டங்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை மாப்பிள்ளை. கோப்பு சரி, வரி சரி, எண் சரி, சர்வரையும் எழுப்பியாயிற்று. படித்துக்கொண்டே படிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளையை என்ன செய்வது? மைத்துனர் நாளை மாலை மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்குள் அந்தப் பெண் அவர் குரலைக் கேட்க வேண்டும். கப்பல் ஏதாவது துறைமுகத்தை ஒட்டிப் போனால் தயவுசெய்து உடனே போன் செய்யுங்கள், அல்லது கப்பலைக் கொஞ்சம் ஒட்டிப் போகச் சொல்லுங்கள்.

நீங்களும் என் மகளும் எல்லா வளமும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும். போகும் கடலெல்லாம் அலையின்றி இருக்கட்டும். உங்கள் கப்பல் தலைவரை நான் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்களிடம் எப்போதும் மரியாதை குறையாத,
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதை எல்லாம் மறந்துவிடுங்கள். கடிதத்தை மின்னஞ்சலில் தட்டி அனுப்புவதற்கு முன் உங்கள் அத்தை வழக்கம்போல வாங்கிப் படித்தார். என் முறையை விளக்கிய இடத்தில் நிறுத்தி, "ஏங்க, மேல 64, கீழ 2. மேலேருந்து கீழ படிச்சிட்டு வர்ற மெஷினு கடைசியா எதைப் படிக்கும்?" என்றார். எனக்குப் புரியவில்லை என்றேன். "நீங்க கடைக்குப் போறப்போ, தக்காளி ரெண்டு கிலோன்னு உள்ள சொல்றேன். வாசல்ல செருப்பு மாட்டும்போது, அரைக் கிலோ போதும்னு சொல்றேன். எதை வாங்கிட்டு வர்றீங்க?" என்றார். நான் அரைக் கிலோதான் வாங்கி வருவேன். கீழே இருந்த பழைய வரிகளை அழித்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விடையை அடித்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினேன். 64M. பெரிய ஒலிப்பதிவை ஏற்றினேன், மறுபேச்சில்லாமல் உள்ளே போனது.

அது கதை அல்ல.

உறுதிக்காக இரண்டாம் தடவை அழுத்தியபோது போன் புதிதாகப் பதியத் தொடங்கியிருக்கிறது, சார்ஜ் தீரும் வரை சனிக்கிழமை மதியம் முழுவதையும் பதிந்திருக்கிறது. நாங்கள் கேட்டுப் பார்ப்பதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். ஆகவே நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. மேசையைக் குத்தும் சத்தம் என்னுடையது. கணினியின் பரம்பரையைப் பற்றிப் பேசுவதும் நான்தான். "கப்பல்ல காலை நீட்டி உக்காந்துக்கிட்டு அவ்வளவுதாங்குறான், வரட்டும் அவன்" என்ற குரலும், எத்தனை முறை கேட்டுப் பார்த்தாலும், என் குரலாகத்தான் இருக்கிறது. மன்னிக்க வேண்டும். "விடுங்க அத்தான், புள்ள நல்ல புள்ள" என்று உங்களுக்காகப் பரிந்து பேசுவது மைத்துனர்.

சத்தியமும் போயிற்று. நான் யாரிடமும் சொல்லாததை ஊரே கேட்டுவிட்டதால் உங்களுக்கும் எழுதுகிறேன். உங்கள் அத்தை டீ போடப் போன நேரத்தில் அவர் சொன்னது இதுதான்: "ஆபரேஷனுக்கெல்லாம் பயமில்ல அத்தான். அன்னைக்கு அவ சொன்னது சரிதான். நானே பேசிப் பேசி எம்பொண்ணு என்ன பேசுவான்னே எனக்குத் தெரியாமப் போச்சு. குரல் போனா போகட்டும். அவ பேசட்டும், நான் உக்காந்து கேக்குறேன்."

சற்றுமுன் உங்கள் அத்தையின் போன் அடித்தது. அந்தப் பெண்தான்.

"அத்தை, அப்பா இருக்காரா?"

"இருக்கான்மா. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அப்ப நான் பேசுறேன். ஸ்பீக்கர்ல போடுங்க. அப்பா, கேக்குதா?" என்றது.

டங்.

பிறகு அந்தப் பெண் பேசியது மாப்பிள்ளை, அப்பாவுக்குத் தப்பாத பெண். குழந்தை தூங்காதது, கணவரின் வேலை, கேட்டுக்குக் கடைசியில் பச்சையே அடித்தது, என் மேசைக் குத்தலைக் கேட்டுக் குழந்தை சிரித்தது என்று மூச்சு விடாமல் பேசியது. மைத்துனர் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "நாளைக்குக் குழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்பி வரட்டுமாப்பா?" என்று கேட்டு முடிப்பதற்குள் டம்ளர் உருண்டு கீழே விழுந்துவிட்டது. அதை ஆமாம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

ஆகவே நீங்கள் கப்பலைத் திருப்ப வேண்டாம். பேருந்துக் கதை சின்னக் கோப்பாக இங்கே இருக்கிறது, அந்தப் பெண் வந்ததும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருமாகக் கேட்பதாக முடிவு. போனை வைத்த பிறகு நான் கணினி முன் உட்கார்ந்து, "காரியம் முடிஞ்சுது மச்சான், அளவைப் பழையபடி 2M-க்கே குறைச்சிடட்டுமா? குரல் திரும்பி வந்துட்டா அப்புறம் உங்களை நிறுத்த வேற வழி கிடையாது" என்று கேட்டேன்.

கீழே விழுந்த டம்ளரைத் தேடி எடுத்து, துடைத்து, மேசையில் வைத்து, நிதானமாகத் தட்டினார். டங், டங்.